சஹன் எண்ணிக்கையும் விட்டுப்போன வரியும்

பாலக்கரை, திருச்சி
9-2-1967

அன்பு மகன் கியாசுதீனுக்கு அம்மாவின் ஸலாம். இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் கோபிக்காதே, எல்லாரும் படுத்த பிறகுதான் மேஜை காலியாச்சு. அல்லாஹ் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், கான்பூர் குளிரில் நீ கம்பளி போர்த்திக்கொள்கிறாயோ என்னவோ. தன்னையே கூப்பிடுகிற ஃபங்ஷன் மண்டையில் ஏறவில்லை, கம்ப்யூட்டர் மிஷின் விடையே தராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, இருபதாம் தேதி பரீட்சை, படிப்பை விட்டுட்டு வந்துடறேன் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தால் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடலாம் என்கிறார் அத்தா. இப்போ கேள், எனக்குப் புரிஞ்சு போச்சு!

சின்னத்தா தாஜுதீன் நிக்காஹ் விருந்துக்கு ஒரு தட்டைச் சுத்தி நாலு பேராக எத்தனை சஹன் வைக்கணும் என்று சமையல் பண்டாரி கேட்டுக்கொண்டே இருந்தார். நம் வழக்கப்படி ஒவ்வொரு வீடும் தன் தலைகளோடு, பெண் கொடுத்த வீட்டுத் தலைகளையும் கேட்டுச் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? அத்தாவோட தாய்மாமா பரக்கத் அலி வீட்டிலிருந்து நாலு நாளாகப் பதிலே இல்லை. போய்க் கேட்டால், மஜீதா சொல்லட்டும், அப்புறம் சொல்றேன் என்கிறார். அவர் சம்பந்தி மஜீதா மாமியோ, பரக்கத் வீடு என் பொண்ணு போன வீடாச்சே, அவர் சொல்லாம நான் எப்படிம்மா சொல்றது என்கிறார். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள், ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காலேஜ் படிச்ச மருமக நடுத்தெருவில் நின்னு சிரிக்குது பார் என்று மாமி வைதார். நீங்க யாரையும் கேட்க வேண்டாம், உங்க வீட்டுத் தலையை மட்டும் சொல்லுங்க என்றேன் மாமியிடம். பதினொண்ணு என்றார். அவ்வளவுதான், மாமா தன் ஒன்பதைச் சேர்த்து இருபது என்றார், அதற்காகக் காத்திருந்த வீடெல்லாம் மடமடவென்று சொல்லிவிட்டன.

ஓடி வந்து, நீ கடிதத்தோடு அனுப்பிய ப்ரோக்ராம் காகிதத்தை எடுத்தேன், ஒண்ணிலிருந்து அஞ்சு வரை பெருக்குகிற கணக்கு. அஞ்சு நாலைக் கேட்குது, நாலு மூணை, மூணு ரெண்டை, ரெண்டு ஒண்ணை. ஒண்ணு யாரையும் கேட்கக் கூடாதுடா, ஒண்ணுன்னு சொல்லிடணும். அப்புறம் திரும்பி வரும்போது ரெண்டு, ஆறு, இருபத்திநாலு, நூற்றிருபது! உன் காகிதத்தில் அந்த நிற்கிற வரி இல்லவே இல்லை. உனக்கு மூளை இல்லாமல் இல்லை, ஒரு வரிதான் இல்லை. அத்தாவை எழுப்பிச் சொன்னேன், சரி, பையன் படிக்கட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வரியைச் சேர்த்துப் போட்டுப் பார். பஜ்ரு தொழுகையை விடாதே, வெறும் வயிற்றோடு பரீட்சைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நல்ல ஞாபகத்தைத் தருவான். அடுத்த மாசம் விருந்துக்கு நம் வீட்டுத் தலையில் உன்னையும் எண்ணிக் கொடுத்திருக்கிறேன், பரீட்சை எழுதிவிட்டு வருகிறவனாக.

உன் அம்மா,
வஹீதா

மிஷின் நூற்றிருபது சொன்னதா என்று உடனே ஒரு கார்டு போடு.