ரபீக், நாங்கள் உன்னை உட்கார வைத்த பக்கம்

அன்பு ரபீக்,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என்றாவது ஒரு நாள் நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. இனி கேட்கவும் முடியாது. நானே சொல்லிவிடுகிறேன். கடிதம் உனக்குத்தான். ஆனால் நம் எட்டுப் பேரில் மிச்சமிருக்கும் ஏழு பேரும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன்னைக் கீழப்பழுவூருக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் பார்த்தார்கள். சுண்ணாம்புக்கல் லாரியை ஒழுங்காக ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தாய். மாரடைப்பு என்றார் டாக்டர். பின்னால் வந்த வண்டிக்குக்கூட இடைஞ்சல் தராமல் செத்துப்போயிருக்கிறாய். உனக்கு எதற்கடா இந்த நல்ல குணம்?

உன்னை அடக்கம் செய்த மையவாடியில் ஏழு பேரும் பின்வரிசையில் நின்றோம். அன்று சாயங்காலமே நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. நாம் விளையாடிய பழைய கேமின் எதிரி. தலையில் துணி, தாடி, கடித்த பல், நீட்டிய துப்பாக்கி. கீழே, ‘கண்ணீர் அஞ்சலி, அபு பாம்’. ஏழு பேருமே அதற்கு இதயம் போட்டோம்.

அந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்று உன் மகன் இர்ஃபானுக்குத் தெரியாது. ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

செல்லம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தொண்ணூற்றைந்தில், நாம் பத்தாவது படிக்கும்போது, உன் அத்தா சவுதியில் கடை வைத்திருந்த தம்மாமிலிருந்து கொண்டுவந்த டிவி கேமை நினைத்துப் பார்க்கிறேன். லப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக் கூடத்தில் எட்டுப் பேர் முண்டியடித்து உட்காருவோம். கேசட்டில் வாய் வைத்து ஊதிச் சொருகுவோம். காட்டுக்குள் ஓடிக்கொண்டே சுட வேண்டும். எதிரில் வருகிறவன் பச்சை உடையில் ஒரு விரல் உயரம். அவனுக்கு முகம் கிடையாது. சுட்டால் இரண்டு முறை மின்னி மறைவான். ரத்தம் இல்லை, பிணம் இல்லை. “சுட்டது போதும்டா, வந்து சோறு தின்னுங்க” என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கத்தும். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

பிறகு வந்த கேம்களில் எதிரிக்கு முகம் முளைத்தது. முதலில் ஓலைத் தொப்பியும் இடுங்கிய கண்ணும். அப்புறம் ரோமத் தொப்பியும் சிவந்த மூக்கும். நாம் கல்லூரி முடிக்கும் நேரத்தில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். எட்டு கம்ப்யூட்டர், எல்லாம் ஒன்றோடொன்று இணைத்தது. அங்கே இருந்த கேமில் எதிரிக்குத் தாடி வந்துவிட்டது.

நான்கு பேர் ஹெல்மெட் போட்ட படை. நான்கு பேர் தாடிக்காரப் படை. யார் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சீட்டுக் குலுக்குவோம். ஏழு சீட்டு. உனக்குச் சீட்டு எழுதுவதே இல்லை.

“ஏன்டா, நான் ஒரு தடவகூட ஹெல்மெட் போடக் கூடாதா?”

“உனக்கு எதுக்கு மாமா ஹெல்மெட்? உங்காளுங்க அங்க இருக்கானுங்க. போய் பாம் வை.”

நீ சிரித்தாய். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். குண்டு வைப்பது அந்தப் பக்கத்தின் வேலை. அபு என்று ஒரு பெயரை நாமே ஒட்டினோம். அதற்குப் பிறகு நீ அபு பாம்.

அந்தப் படை வாய் ஓயாமல் ஏதோ கத்திக்கொண்டிருக்கும். மதரசாவில் ஓதியவன் என்று உன்னிடம் அர்த்தம் கேட்டோம். நீ கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாய்: “ஒண்ணுமே சொல்லலடா. சும்மா கத்துறான். எங்க அஜரத்து வந்தாலும் புரியாது.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு பாஷையைக்கூடக் கொடுக்காமல் ஒரு மனிதனைச் சுடுவதற்கென்றே செய்து வைத்திருக்கிறார்களே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஏழு பேருக்கும் படித்தவர்கள் என்று பெயர் வேறு.

அந்தக் கேமில் ஒரு கடைத்தெரு வரும். மண் நிறச் சுவர், தகரக் கதவு, மேலே அரபு எழுத்தில் போர்டு. எழுத்துகளெல்லாம் சேராமல் தனித்தனியாக நிற்கின்றன என்று நீதான் காட்டினாய். ஆனாலும் ஒரு கதவின் முன்னால் ஒவ்வொரு வாரமும் கொஞ்ச நேரம் நிற்பாய். “எங்க அத்தா கடையும் இப்படித்தான் இருக்குமாம் மாப்ள. முன்னாடி தகரக் கதவு, பக்கத்துல ஒரு சந்து.” நின்ற இடத்திலேயே உன்னைச் சுட்டுத் தள்ளுவோம். பல ஞாயிறு உன்னைச் சுட்டவன் நான்தான். நிற்கிற ஆளைச் சுடுவது சுலபம்.

இப்போது அந்த நோட்டு.

வருகிறவர்களின் விவரம் எழுதி வைக்கப் போலீஸில் சொல்லிவிட்டார்கள் என்று சென்டர்காரர் ஒரு நீள நோட்டு வாங்கிப் போட்டார். பெயர், முகவரி, நேரம், நோக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் வரமாட்டார், சாவியை நம்மிடம் கொடுத்துவிடுவார். முதலில் வந்து கதவைத் திறப்பவன் எட்டுப் பேருக்கும் சேர்த்து எழுதிவிடுவான். உன் வரிசையில் பெயர் என்ற இடத்தில் ‘அபு பாம்’. முகவரி மட்டும் உண்மையானது, தெருவோடும் கதவு எண்ணோடும். நோக்கம் என்ற இடத்தில் ‘தாக்குதல்’. மற்ற ஏழு பேருக்கும் ‘மெயில் பார்க்க’. யார் எழுதினாலும் அப்படித்தான் எழுதினோம். ஒருவன் தொடங்கினான், மற்றவர்கள் விடவில்லை.

உன் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்த வருடம் உனக்கென்று அங்கே ஒரு விசா ஒதுக்கினார்கள். அங்கே போய் கடையைப் பார்த்துக்கொண்டு, அவரை எழுப்பி நடக்க வைத்து ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பாஸ்போர்ட் மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து மஃப்டி போலீஸ்காரர் ஒருவர் சென்டருக்கு வந்து நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “யாருய்யா இந்த ஆளு?”

சென்டர்காரர், “எனக்குத் தெரியாதுங்க சார்” என்றார். முகவரி இருந்ததே, போதாதா?

மூன்று நாள் உன்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை என்றாய். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றாய். விளையாட்டு என்று நீ சொன்னதும், எந்த விளையாட்டு, எந்தப் பக்கம் விளையாடுவாய் என்று கேட்டார்களாம். நீ பொய் சொல்லத் தெரியாதவன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் உன்னை விட்டதும் நீயும் நானும் டீக்கடையில் நின்றோம்.

“எழுதுனது யாருன்னு கேக்குறாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“மாத்தி மாத்தி எழுதுவோம் சார்னேன்.” கிளாசைக் கையில் சுழற்றினாய். “அந்தப் பக்கம் உன் எழுத்து மாப்ள. அழகா எழுதியிருந்த.”

“நான் வேணா வந்து சொல்லிடட்டுமா?”

“வேணாம். அந்தப் பெஞ்சுல ஒருத்தன் உக்காந்தா போதும்.”

நீ ‘வேணாம்’ என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு சீராகிவிட்டது. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு டீயைக் குடித்தாய்.

ஸ்டேஷனில் உன் பெயர் ஏறிவிட்டதால் பாஸ்போர்ட் வரவில்லை. விசா காலாவதியானது. உன் அத்தாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். ஜனாசா தொழுகைக்கு யார் யார் நின்றார்கள் என்று போனில் ஒவ்வொரு பெயராக நீ கேட்டதைப் பக்கத்திலிருந்து கேட்டேன். அப்புறம் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைக்கு லாரி. அப்புறம் இருபது வருடம். இடையில் எத்தனை கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டிருப்போம். ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடித்திருக்கலாம் இல்லையா? உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு ரபீக். நீ கேட்காமல் விட்டதைப் போல ஒரு தண்டனை வேறு யாரும் தந்ததில்லை.

மற்றவர்கள் மேல் உள்ள கோபத்தை எழுதினால் தாள் போதாது. பெஞ்சில் நீ இருந்த மூன்று நாளும் ஒருவன்கூட உன் தெருப்பக்கம் வரவில்லை. அடுத்த மாதமே வேறு சென்டர் பிடித்து விளையாடப் போனோம். இப்போது, ‘அந்தக் காலம் மாதிரி வருமா மாப்ள’ என்று தினமும் காலையில் குரூப்பில் எழுதுகிறார்கள்.

இங்கே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு, உன் நினைவாக ஒரு போட்டி. அதே கேம், அதே கடைத்தெரு. பெரம்பலூரில் ஹால் பிடித்தாயிற்று. எட்டாவது இடத்துக்கு இர்ஃபானைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ‘அத்தா இடத்துல நீதான்டா உக்காரணும்’ என்றார்களாம். ‘வரேன் அங்கிள்’ என்றிருக்கிறான். அவனுக்குக் கறுப்பு டி-ஷர்ட் அடிக்கக் கொடுத்தாயிற்று. முதுகில் ‘அபு பாம் ஜூனியர்’. படம் எடுத்து பேஸ்புக், இன்ஸ்டா எல்லாவற்றிலும் போடப்போகிறார்கள்.

இர்ஃபான் போன வாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான்.

அன்று ஒரு நோட்டு, ஒரு பக்கம். தேடி வந்து புரட்ட வேண்டியிருந்தது. இன்று யாரும் மாடியேறி வர வேண்டாம். குரூப்பில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிடுவோமா என்று ஒருவனாவது கேட்டானா? நான் கேட்டிருக்க வேண்டும். மூன்று தடவை டைப் அடித்து மூன்று தடவையும் அழித்தேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை ஏழு பிரதி எடுக்கப்போகிறேன். என் எழுத்து ஆறு பேருக்கும் தெரியும் என்பதால் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். எனக்கும் ஒன்று தபாலில் வரும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன் மகன் அந்தச் சட்டையைப் போடமாட்டான். இதைப் படித்த பிறகும் ஒருவன் அதை அவனிடம் நீட்டினால், அந்த ஹாலில், அத்தனை பேர் முன்னால், இர்ஃபானிடம் என் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்தை எழுதியவன் நான்தான் என்று சொல்வேன். இந்தத் தடவை நீ வேண்டாம் என்று சொல்ல முடியாது.

அதுவரை பெயர் போடமாட்டேன். பயம் என்று நீ நினைக்கலாம். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனால் இன்று நான் பெயர் போட்டால் மற்ற ஆறு பேரும் நிம்மதியாகிவிடுவார்கள். எழுதியவன் அவன், நாம் இல்லை என்று இன்னொரு இதயம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆறு பேரும் அதையே எழுதியவர்கள்தான். வந்தவர் விரல் வைத்தது என் பக்கத்தில், அவ்வளவுதான் வித்தியாசம். அது யாருடைய பக்கம் என்று ஒவ்வொருவனும் ஒவ்வொருவன் முகத்தையும் பார்க்கட்டும். கடைசியில் தன் கையையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உறைகள் தயார். அனுப்புநர் இடம் காலி. நீ எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டது ஒரே சொல்லால்தான். அதை மட்டும் போட்டு இப்போதே தபால்பெட்டிக்குப் போகிறேன்.

உன்
மாப்ள