இளவரசி பெரோனெலின் மூன்றாம் மணத்துக்கு விலக்கு வழங்கும் முன்

அனுப்புநர்:
ஜோஸ்லன்,
அரண்மனைப் பெண்பிள்ளைகளின் ஆசிரியர் (ஓய்வு),
மடத்து முதியோர் விடுதி, லுஸாந்து.

பெறுநர்:
திருத்தந்தையின் தூதர் அவர்கள்,
முகாம்: ஆயர் இல்லம், லுஸாந்து.

பொருள்: மறைந்த மன்னரின் மகள் இளவரசி பெரோனெலுக்கும் கிஷார் பிரபுவுக்கும் நிச்சயிக்கப்பட்டுள்ள திருமணம் – இரத்த உறவுத் தடைக்கு விலக்கு அளிக்கும் முன் இளவரசியை நேரில் விசாரிக்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இளவரசிக்கு எழுத்தும் இலத்தீனும் கற்பித்தவன் நான். அவருக்கு ஆறு வயதில் தெற்கத்திக் கோமகனின் மகனோடு மணம் பேசினார்கள். பேசிய பெண்ணை மாமியார் வீட்டிலேயே வளர்ப்பது வழக்கம் ஆதலால் அனுப்பிவைத்தார்கள். நானும் உடன் சென்றேன். மூன்றாம் ஆண்டு அந்தச் சிறுவன் காய்ச்சலில் இறந்தான். கட்டில், பாத்திரங்களோடு இளவரசியும் திருப்பி அனுப்பப்பட்டார். தாய் வீட்டுக்கு வந்து அவர் தண்ணீர் கேட்டது தெற்கத்திப் பேச்சில். யாருக்கும் புரியவில்லை, நான்தான் மொழிபெயர்த்தேன்.

2. பதினைந்து வயதில் அவரை எங்கெரான் பிரபுவுக்கு மணமுடித்தார்கள். மலைக் கணவாய்க் கோட்டை அப்போது அந்தப் பிரபுவின் கையில் இருந்தது. மெலிசாந்து என்றொரு மகள் பிறந்தாள். சென்ற குளிர்காலத்தில் கிஷார் பிரபு அந்தக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார். வசந்தத்துக்குள் எங்கெரானின் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. குழந்தையைத் தகப்பனிடமே விட்டுவிட்டு இளவரசியை இங்கே அழைத்துவந்தார்கள். இப்போது மணமகன் கிஷார்.

3. தீர்ப்புக்கு ஆதாரம், இளவரசியின் சித்தப்பாவான பெரார் கோமகன் ஆயர்கள் முன் நற்செய்தி நூலைத் தொட்டுச் செய்த சத்தியம். எங்கெரானின் தந்தைவழி மூதாதையே இளவரசிக்கும் மூதாதை என்றும், இருவரும் அவருடைய எள்ளுப்பேரப்பிள்ளைகள் என்றும் அவர் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் எழுதவில்லை. சத்தியம் செய்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

4. தங்களுக்குத் தெரியாததல்ல, ஆயினும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறையில் கூறிவிடுகிறேன். தலை, மூதாதை. தோள், அவருடைய பிள்ளை. முழங்கை, பேரன். மணிக்கட்டு, கொள்ளுப்பேரன். விரல்நுனி, எள்ளுப்பேரன். இடது கை ஒரு கிளை, வலது கை மறு கிளை. விரல்நுனி வரை இருப்பவர்கள் தங்களுக்குள் மணக்கக் கூடாது. எங்கெரானும் இளவரசியும் இரு கைகளின் விரல்நுனிகள். கிஷார் பிரபுவோ எங்கெரானுடைய தந்தைக்கு அத்தை மகன். அந்தச் சத்தியம் உண்மையானால் அவர் நிற்கும் இடம் மணிக்கட்டு. விலக்கப்பட்ட கணவரைவிட அவர் இளவரசிக்கு ஒரு மூட்டு நெருங்கிய உறவு.

இது எவர் கண்ணிலும் படாததற்குக் காரணம் எளியது. இங்கே உறவைக் கேடயத்தில் தீட்டிய சின்னத்தை வைத்துப் பார்க்கிறார்கள். எங்கெரானுடையது கரடி, கிஷாருடையது நாரை. தாய்வழியில் வரும் உறவு கேடயத்தில் தெரிவதில்லை.

5. அதைக் கண்டுகொண்டவர் இளவரசியே. நிச்சய விருந்தில் விலாங்குமீன் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நான் கடைசி மேசையில் இருந்தேன்.

"என்னம்மா, பறக்கப் போறியா?" என்றார் கோமகன். கூடம் முழுவதும் சிரித்தது.

"இல்ல சித்தப்பா, எண்ணிப் பாக்குறேன். நீங்க சத்தியம் பண்ணினதத்தான் எண்ணுறேன்."

ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பெயர் சொன்னார். மணிக்கட்டுக்கு வந்தபோது அரண்மனைக் குருவானவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கிஷார் பிரபு தம் தாயின் பெயரைக் கேட்டதும் முதலில் மகிழ்ந்து தலையசைத்தார், பிறகு அசைக்கவில்லை.

"மணிக்கட்டோ முழங்கையோ, கணவாய் நம்ம பக்கம் வந்தாச் சரி. தூதர்கிட்ட விலக்கு வாங்கிக்கலாம். நீ உக்காந்து சாப்பிடு" என்றார் கோமகன்.

அந்த விலக்கைக் கேட்டுத்தான் இவ்வாரம் தங்களிடம் ஆள் வரவிருக்கிறது.

6. இரண்டு மாணவர்கள் ஒரே கணக்கைப் போட்டு வந்தால் ஒன்றைச் சரி என்றும் மற்றதைத் தவறு என்றும் நான் சொல்ல முடியாது, வகுப்பே சிரிக்கும். சத்தியம் உண்மை என்றால் கிஷாரை இளவரசி மணக்கக் கூடாது. பொய் என்றால் அவர் இன்னும் எங்கெரானின் மனைவி. விலக்கு தர வழி உண்டு என்றால், விரல்நுனிக்கு ஏன் அதை யாரும் கேட்கவில்லை? மணிக்கட்டுக்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

7. எங்கெரான் பிரபுவைப் புகழ்ந்து எழுதலாமா என்று இளவரசியிடம் கேட்டேன். "அவர் நல்லவரா இல்லையான்னு எதுக்கு ஐயா? என் பொண்ணு அங்க இருக்கா" என்றார். பிள்ளை தகப்பன் வீட்டோடு என்பது இங்குள்ள வழக்கம். கிஷாரை மணந்தால், கோட்டையை இழந்த அந்த வீட்டின் கதவு இவருக்கு என்றைக்கும் திறக்காது. இம்மனுவை அவர் படித்தார். 'பரிதாபம்' என்ற சொல் ஓரிடத்தில் இருந்தது. அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன்.

8. ஆகவே தாங்கள்,
(அ) விலக்கை நிறுத்திவைத்து, வசந்தகாலத் தீர்ப்பை மறுவிசாரணைக்கு எடுக்க வேண்டும்;
(ஆ) இளவரசியைத் தனியே, சித்தப்பா அறையில் இல்லாதபோது, அழைத்துக் கேட்க வேண்டும். மூன்று திருமணப் பேச்சுகளிலும் அவர் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவருடைய விருப்பத்தை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

தாமதம் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கெரானின் ஊரிலிருந்து கம்பளி விற்க வந்த பெண் சென்ற வாரம் செய்தி சொன்னாள்: மெலிசாந்து நடக்கிறாள், பேசுகிறாள், பால்கொடுத்த செவிலியை அம்மா என்று அழைக்கிறாள். இதை மறைப்பதா சொல்வதா என்று யோசித்து, இளவரசியிடம் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்தார், ஊசி நிற்கவில்லை.

"நல்லதுதான் ஐயா. புள்ள கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஒருத்தி வேணும்ல" என்றார்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ஜோஸ்லன்

இடம்: லுஸாந்து
நாள்: புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்