கோதுமையும் பாலும் இல்லாத வீடு

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே காற்று. கொடியில் போட்ட துணி பாதி அடுத்த வீட்டு மாடியில். பேச்சு வரும் என்று மகள் ரூத்துக்குக் கோதுமை, பால் நிறுத்தி இன்று முப்பதாவது நாள். காலையில் கேப்பைத் தோசை, பள்ளிக்கு இடியாப்பம், தேங்காய்ப்பால். இரண்டு வாரமாக நன்றாகத் தூங்குகிறாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், சில நேரம். ஆறு வயது, ஆட்டிசம், இன்னும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. எடை ஒரு கிலோ குறைவு. டாக்டர் முகத்தைச் சுளித்தார். "இதுல பலன் வரும்னு உறுதியா ஒண்ணும் இல்லம்மா. பிள்ள மெலிஞ்சிட்டே போவுது, பாத்துக்கிடுங்க." கேட்டுக்கொண்டேன். விடுவதாக இல்லை.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் களக்காட்டு அம்மா ஒருத்தி, தன் மகனுக்கும் தொடங்கலாமா என்று கேட்டாள். "தைரியமா ஆரம்பிங்க" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சிலிருந்து நேரே வீடு. பக்கத்துத் தெருவில் பிறந்தநாள். போகவில்லை, கேக் இருக்கும். எங்களைக் கூப்பிடவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. மஸ்கட்டிலிருந்து ரூத்தின் அப்பா பேசினார், நாலு நிமிடம்.

வாங்க வேண்டியது: அரிசி மாவு, கருப்பட்டி, சோப்பு.

ஜூலை 17, புதன்

ஆபீசில் கரண்ட் இல்லை, நாலரைக்கே விட்டார்கள். பள்ளி வேன் இறக்கிவிட்டதும் நான் வரும்வரை ரூத் கீழ்வீட்டுக் கிரேசக்காவிடம்தான் இருப்பாள். அக்காவுக்குத் தையல் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு குரல். "தா." அக்கா குரல் இல்லை.

எட்டிப் பார்த்தேன். அக்கா பன்னைப் பால் விட்ட டீயில் முக்கி நீட்டுகிறாள். ரூத் அவள் முகத்தைப் பார்த்து மறுபடியும், "தா."

சந்தோஷமா கோபமா, தெரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீ நிறுத்துன வாரத்துல இருந்தேதாம்ட்டி. நான் டீ குடிக்கையில பிள்ள ஏங்கிப் பாக்கா. எப்பிடிக் குடுக்காம இருக்க? சொன்னா ஏசுவியேன்னுதான்."

"பேச்சு வந்ததையாவது சொல்லியிருக்கலாம்லா."

"உன்கிட்டயும் பிள்ள அப்பிடிக் கேக்கும்னுல்லா நெனச்சேன்."

அப்படியானால் இத்தனை நாளும் பத்தியமே இல்லை. அந்தத் தூக்கம், திரும்பிப் பார்த்தது, எல்லாம் எதனால்? தெரியாது.

ஜூலை 18, வியாழன்

களக்காட்டு அம்மாவுக்கு எழுதினேன். என் பிள்ளை தினமும் பன் சாப்பிட்டிருக்கிறாள், என் பேச்சைக் கேட்காதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். குழுவிலும் போட்டேன். பதினொரு பேர் பார்த்திருக்கிறார்கள். மஸ்கட்டுக்கு இன்னும் சொல்லவில்லை.

ரூத் ஆசைப்பட்டுக் கேட்கும்படி வீட்டில் நான் எதை வைத்திருந்தேன்? வேண்டாததையே ஊட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நானே ஒரு பன் வாங்கி வந்தேன். டீயும் போட்டேன். "தா" என்பாள் என்று நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ரூத் வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கிப் போய், பன்னைக் கிரேசக்கா கையில் வைத்தாள். வைத்துவிட்டு அக்கா முகத்தைப் பார்த்து, "தா" என்றாள்.