மழை நின்ற மதியம், இருபது லிட்டர்

அன்புள்ள மகளே,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், கடையும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீ கட்டிக்கொள்ள நினைக்கும் பையனைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, மாதக் கடைசிக்குள் சரியா இல்லையா சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் சிரித்தால் பூட்டிய அறையில் ஜன்னல் திறந்தது போல இருக்குமாம். அவர் மௌனம் ஆழ்கிணற்றுத் தண்ணீராம். அவர் நடந்து வந்தால் கூடவே காற்றும் வருமாம். உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்குத் துடைக்க ஒன்றுமில்லை. ஜன்னல், கிணறு, நல்ல காற்று என்று இதை வைத்து வீடு விற்க விளம்பரம் கொடுக்கலாம், மாப்பிள்ளையைத்தான் காணோம்.

இதற்குப் பெயர் படிமம் என்று போன விடுமுறையில் நீதானே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாய். சொல்லாலேயே கண்ணுக்குக் காட்டுவது, மூக்குக்கு மணக்க வைப்பது, கைக்குத் தட்டுப்பட வைப்பது, கவிதைக்கும் ஆகும் கதைக்கும் ஆகும் வியாபாரத்துக்கும் ஆகும் என்றாய். சரி என்று நம் பெயின்ட் கடைக்குப் புது நிற அட்டை எழுதச் சொன்னேன். நம்பரை எல்லாம் தூக்கிவிட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் மழை நின்ற மதியம் என்பது போல ஒரு பெயர் வைத்தாய். அதோடு விட்டாயா, சொல்லே காட்டும்மா, நிறம் எதுக்கு என்று நிறக்கட்டங்களையும் எடுத்துவிட்டாய். நிறமே இல்லாத நிற அட்டையை அச்சடித்த ஒரே கடைக்காரி நானாகத்தான் இருப்பேன். பெற்ற பாசம் கண்ணை மறைத்தது, வேறென்ன சொல்ல.

நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததை உன்னிடம் மறைத்தேன், இப்போது சொல்கிறேன். எதிர்த் தெரு பல் டாக்டரம்மா அட்டையைப் படித்துவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு மழை நின்ற மதியம் இருபது லிட்டர் என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஏணி என்று நாம் கூப்பிடுகிற பெயின்டர், ஆஸ்பத்திரி பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமை போய் அடித்து முடித்தான். திங்கட்கிழமை காலை டாக்டரம்மா கடை வாசலில் நிற்கிறார். மழை நின்னா வெயில் அடிக்கும், பளிச்சுன்னு மஞ்சளா இருக்கும்னுதானே கேட்டேன், சாம்பலைப் பூசிட்டுப் போயிருக்கீங்க, வர்றவங்க உள்ளே யாராவது செத்துட்டாங்களான்னு கேக்கறாங்க என்றார். உன் மழை நின்றபோது வானம் மூடியே இருந்தது, அவர் மழை நின்றதும் வெயில் வந்துவிட்டது, யாரைக் குற்றம் சொல்ல. மறுபடி முழுக்க அடித்துக் கொடுத்தோம். ஏணி மட்டும், அக்கா, பாப்பா எழுதுனா கண்ணுல தண்ணி வருது, ஆனா எனக்கு நம்பர் வேணும் என்றான்.

அதே கூத்துதான் உன் கடிதமும். நீ ஒரு ஜன்னலைப் பார்க்கிறாய், நான் வேறொரு ஜன்னலைப் பார்க்கிறேன், இரண்டிலும் பையன் இல்லை. வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பது வருடம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த மனிதருக்குப் பழக்கம் விடுமா, உன் அப்பா மூன்றாம் பக்கத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நீ எழுதி அடித்துவிட்ட வரி ஒன்று தெரிந்தது. எனக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் நான் வாந்தியெடுத்த வாளியை அவர்தான் கழுவினார், மூக்கைச் சுளித்துக்கொண்டே, என்று. அழகாக இல்லை என்று அடித்தாயாக்கும். அடி பைத்தியக்காரி, நான்கு பக்கத்தில் அவன் முகம் எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். சுளிக்காமல் கழுவினார் என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த வாளி உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று மாறாது, நாற்றம் இங்கே வரை வந்துவிட்டது.

எனக்குச் சம்மதம், அப்பாவுக்கும். கூட்டிக்கொண்டு வா. உனக்குக் காய்ச்சல் வந்ததையே அடித்த வரியில்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா, இனி உடம்புக்கு வந்தால் உடனே சொல். இரண்டு பேரும் குறையில்லாமல் நன்றாக இருங்கள். பதிலில் ஜன்னலும் கிணறும் வேண்டாம், பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று மட்டும் எழுது. அடித்த வரிகளிலும் தேடிப் பார்த்துவிட்டோம், அது இல்லை.

கடையிலிருந்து,
உன் அம்மா