அறுபத்தொன்றாம் நம்பர்

ஜூன் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். மாற்றலாகிப் போனவர் ஒரு வரி எழுதவில்லை, வேறென்ன செய்வது. என் வீட்டுக்காரி தினமும் தபால்காரரை நிறுத்தி விசாரித்ததில் அவர் இப்போது எங்கள் தெருவை விட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்பர் எழுதிய மரக் கிளிப்பைக் கொண்டுபோய்விட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளைடர் விட மேட்டுக்குப் போனேன். காற்று நேராகச் சரிவில் மோதி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பாப்பா நம்மை விட்டுப் போன பிறகு அப்படி ஒரு காற்று வரவேயில்லை. இறக்கையை உடம்பில் வைத்து ரப்பர் பேண்டு போட்டு, எல்லாம் தயார். கிளைடரை ஓட்டும் ரேடியோவைப் போடலாம் என்று பலகையிலிருந்து கிளிப்பை எடுக்கப் போனால் அறுபத்தொன்றாம் நம்பர் ஆணி காலி. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசியாக நீங்கள் பறக்கவிட்ட அன்று சட்டைக் காலரில் மாட்டியது, அப்படியே ஊர் மாறிவிட்டது.

மேட்டில் நம்மோடு பறக்கவிடும் வெல்டர் சிரிக்கிறார். "அந்த நம்பர்ல இருக்கிற இன்னொரு ஆளு எங்கேயோ இருக்காரு. சும்மா போடுங்க, ஒண்ணும் ஆகாது." ஆகாதுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் கை போகவில்லை. கிளிப் இல்லாமல் நான் ஸ்விட்சைப் போட்டால் அங்கே உங்கள் கிளைடர் தலைகுப்புற விழும் என்று மனசு சொல்கிறது. இறக்கையைக் கழற்றிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எல்லாம் பாப்பா செய்த வேலை. ரேடியோ வாங்கப் போனவள் நமக்கு ஆளுக்கொரு பெட்டியை ஒரே அலைவரிசை நம்பரில் வாங்கிக்கொண்டு வந்தாளே. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மேலே இருக்கிற கிளைடர் விழும்; அதனால் ஒருவர் கிளிப்பை மாட்டிக்கொண்டு பறக்கவிடும்போது மற்றவர் பெட்டியைத் தொடக்கூடாது. இத்தனை வருஷமும் நாம் சேர்ந்து பறக்கவிட்டதே இல்லை. கிளிப்பில் சிவப்பு நெயில் பாலிஷால் அவள் நம்பர் எழுதியதாவது ஒழுங்கா? ஆறின் வயிறு வழிந்து ஒன்றின் மேல் சாய்ந்து கிடக்கிறது.

கிளிப்பை அனுப்பிவையுங்கள். சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மச்சான்


ஜூன் 20

அன்புள்ள மச்சானுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். கிளிப் சட்டைப் பையில் இருந்து, துணியோடு துவைத்து, நம்பர் கொஞ்சம் மங்கிவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இங்கே அலுவலகம் பரவாயில்லை. குடிநீர்க் குழாய் எங்கே உடைந்தாலும் முதலில் என் மேசைக்குத்தான் தண்ணீர் வருகிறது. வீடு இரண்டு அறை. ஒன்றில் நான், மற்றதில் கிளைடர். கடலைப் பார்த்த மாதிரி ஒரு சரிவு கண்டுபிடித்திருக்கிறேன். நானே ஒரு கையில் ரேடியோவை வைத்துக்கொண்டு மறு கையால் வீசுகிறேன். வீசிக் கொடுக்க ஆளில்லாமல் பறக்கவிடுவது எப்படி என்று இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் தங்கை ஏமாந்து வாங்கவில்லை. கடைக்காரர் அவளிடம் தெளிவாகச் சொன்னார்: ஒரே நம்பர் வேண்டாம், ஒருவர் சும்மா உட்கார வேண்டியிருக்கும் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மேல பார்த்துட்டு நின்னா நான் யார்கூடப் பேசுறது? ஒருத்தராவது என் பக்கத்துல உட்காரணும்ல." உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இனி யாருக்காகச் சத்தியம் காப்பது.

கிளிப் ஒரு மாதம் உங்களிடம், ஒரு மாதம் என்னிடம் இருக்கட்டும். தபாலில் போய் வரட்டும். சம்மதமா?

உங்கள்,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு மேல் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் பொக்கை வாயால் சிரித்தார். அப்புறம் நான் அழுததைப் பார்த்துவிட்டு செட்டை நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

அந்த ரேடியோவை மேட்டுக்குக் கொண்டுவந்த அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை அவளைத் திட்டினேன். கடைக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், இது கூடத் தெரியாதா என்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தாள். திட்டு வாங்குகிறாளே தவிர வாயைத் திறக்கவில்லை. திருடி.

யோசித்துப் பார்க்கிறேன். நீங்கள் பறக்கவிடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு பேசியிருக்கிறேன். கல்யாணமாகிப் போன தங்கையோடு எந்த அண்ணனுக்கு இவ்வளவு பேச வாய்க்கும்? ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறுகூட உங்கள் கிளைடர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, உங்களுக்குச் சட்டைப் பித்தான் தைக்கத் தெரியாது என்று கவலைப்பட்டாள்.

கிளிப்பை அனுப்புகிறேன். ஒரு கையால் வீசாதீர்கள். அந்த வலது தோள் ஏற்கெனவே சொன்ன பேச்சைக் கேட்காது. அங்கே வீச ஆளே கிடைக்காதா?

அன்புடன்,
மச்சான்


செப்டம்பர் 28

அன்புள்ள மச்சானுக்கு,

கிளிப் அனுப்பத் தாமதம், கோபிக்க வேண்டாம். இந்த மாதம் காற்று நன்றாக இருந்தது.

வீச ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் அம்மா. வாரக் கடைசியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன், பார்க்க வருகிறேன் என்றார். முதல் நாளே மூக்கு தூக்காமல், காற்றுக்கு நேராக, மட்டமாக வீசினார். கணவர் இறந்து நான்கு வருஷமாகிறது. அதிகம் பேசமாட்டார். அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

கிளிப்பைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நம்பர் மங்கிப்போய்ப் படிக்க முடியவில்லை என்று அவர் பழையதைத் தேய்த்து எடுத்துவிட்டு, நீல பெயிண்டால் புதிதாக எழுதிக் கொண்டுவந்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார். பழையதை யார் எழுதியது என்று அவருக்கு நான் சொல்லியிருந்தால்தானே? கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கோபம் இருந்தால் திட்டி எழுதுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை


அக்டோபர் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கிளிப் வந்தது. எழுத்து அழகாக இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிறது.

இங்கே மழை. மேட்டுக்குப் போகவில்லை. வீட்டில் எல்லாரும் நலம்.

அன்புடன்,
மச்சான்


நவம்பர் 11

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்த மூன்று வரியை எத்தனை முறை படிப்பது?

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. அந்த அம்மாவும் நானும் சேர்ந்து வாழலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் முதல் வாரம் பதிவு. ஆட்கள் யாரும் இல்லை, அவருடைய அண்ணன் மட்டும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், தங்கமான மனிதர். இப்போதே என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறார். அவர் கூப்பிடும்போதெல்லாம் நான் உங்களைத்தான் தேடித் திரும்புகிறேன்.

உங்கள் தங்கையை மறந்துவிட்டு இதைச் செய்யவில்லை. தனியாக இருந்து முடியவில்லை. மாலையில் கதவைத் திறந்ததும் வீடு என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியவில்லை. உங்களிடம் இதைச் சொல்ல வெட்கப்பட்டதால்தான் எழுதாமல் இருந்தேன்.

நீங்களும் அக்காவும் வர வேண்டும். சாட்சிக் கையெழுத்தை நீங்கள் போட்டால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம். அவள் போன பிறகு எனக்கு மிச்சமிருக்கும் சொந்தம் நீங்கள் ஒருவர்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

கிளிப் உங்களிடமே இருக்கிறது. இந்த மாதம் என் முறை. அவசரமில்லை.

உங்கள்,
மாப்பிள்ளை


நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

கூப்பிடுவது மாறிவிட்டதே என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் செய்வது சரி. நாற்பத்திரண்டு வயதில் ஒரு மனுஷன் சுவரோடு பேசிக்கொண்டு இருக்க முடியாது. பாப்பா இருந்தால் அவளே பெண் பார்த்திருப்பாள், என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அந்த அம்மாவை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி உங்கள் இருவருக்கும் போர்வை அனுப்புகிறாள், தனிப் பார்சலில் வரும்.

எனக்குத்தான் முடியவில்லை. அன்று எழுத்து அழகாக இருக்கிறது என்று எழுதினேனே, அதை எழுதுவதற்கு முன்னால் பல் செட் சுரண்டும் கருவியை எடுத்து அந்த நீல பெயிண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். கீழே எங்கேயாவது சிவப்பு ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். வெறும் கட்டைதான் இருந்தது. சுத்தமாகத் தேய்த்திருக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நானே நீல பெயிண்ட் வாங்கி, சுரண்டிய இடத்தைச் சரிசெய்துவிட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் கல்யாணத்துக்கு வந்து சிரித்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. மாப்பிள்ளை என்று கூப்பிட அங்கே ஒருவர் இருக்கிறார். தங்கமான மனிதர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் கூப்பிட்டால் என்னைத் தேடித் திரும்பாதீர்கள். அவரும் ஒரு தங்கையைக் கொடுக்கிறவர்.

போன வாரம் வெல்டரிடம் சொல்லி வேறு நம்பருக்கான அலைவரிசைக் கிரிஸ்டல் வரவழைத்து, ரேடியோவிலும் கிளைடரிலும் மாற்றிவிட்டேன். இப்போது நான் எழுபத்து நான்கு. இனி நீங்கள் எப்போது ஸ்விட்சைப் போட்டாலும் என்னுடையது விழாது. நான் போட்டாலும் உங்களுடையது விழாது. அறுபத்தொன்று முழுக்க உங்களுடையது, கிளிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். முறை வைத்து அனுப்ப வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை புது நம்பரில் பறக்கவிட்டேன். வெல்டர் வீசினார். நல்ல காற்று, கிளைடர் மேலே போய் நிலையாகச் சுற்றியது. யாரும் என் முறை எப்போது என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பழக்கதோஷத்தில், போதும், நீங்கள் விடுங்கள் என்று சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். புல்தான் இருந்தது. கீழே இறக்கிவிட்டேன்.

வலது தோளைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பாவின் அண்ணன்