சவர்த் தண்ணீருக்குப் பங்கு

மச்சாள்,

இன்று விடியத் தண்ணீர் அள்ளப் போனேன். மோட்டர் இரண்டு நாளாக வெறும் காற்றைத்தான் இழுக்கிறது என்று வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். தண்ணீரில் விழுகிற சத்தத்துக்குக் காது காத்துக்கொண்டிருந்தது. வாளி கல்லில் போய் இடித்தது. எங்களுடைய கிணற்றுக்குள்ளிருந்து அந்தச் சத்தத்தை நீர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் இன்றுதான் கேட்டேன். கிணற்றுக்கட்டிலேயே இருந்துவிட்டேன்.

உம்முடைய அண்ணை என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாள்முதல் உம்முடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இந்த ஒரு கிணறுதான். காணி உறுதிப்பத்திரத்தில் உமக்கு அரைப்பங்கு, எங்களுக்கு அரைப்பங்கு. முப்பது வருடம் சண்டையில்லாமல் அள்ளினோம் என்று சொன்னால் பொய். உம்முடைய கயிறு, என்னுடைய வாளி, உடுப்புத் தோய்த்த நுரையை யார் உள்ளே விட்டது என்று எத்தனை சண்டை! பின்னேரமானால் அதே கிணற்றுக்கட்டில் ஏறியிருந்து ஊர்க்கதை கதைப்போம்.

வளவுக்குப் பின்னால் கடலேரி வரைக்கும் கிடக்கிற தரவை உம்முடைய சீதனம். புல்லும் ஒழுங்காக முளைக்காத உவர் நிலம். கோடையில் உப்புப் பூத்துக் கிடக்கும். அதற்குக் கீழே இருக்கிற உப்புத் தண்ணீரில் லித்தியம் இருக்கலாம், மின்சாரக் கார்களின் பற்றரிக்கு அது வேண்டும், குழாய் இறக்கித் தண்ணீரை இழுத்து வெயிலில் காயவிட்டுப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் ஆட்கள் கடதாசியோடு வந்தார்கள். நீர் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றீர்.

“மாரியிலை கடலேரி ஏறினால் எங்கடை கிணறும் ஏறுது. அது வத்த இதுவும் வத்துது. கீழை ரெண்டும் தொடுப்பாத்தான் கிடக்கு, மச்சாள். ஒண்டை இழுத்தால் மற்றது சும்மா இருக்குமே?”

“நீர் பெரிய எஞ்சினியர்!” என்றேன். “உறுதியிலை நல்ல தண்ணிக்குத்தான் பங்கு கிடக்கு. சவர்த் தண்ணிக்கு ஆர் பங்கு போட்டவை? ஒருத்தருக்கும் வேண்டாத தண்ணியைக் கொண்டு போகட்டும்.”

அதுதான் நாங்கள் விட்ட பிழை. நல்ல தண்ணீரை நாலிலொன்று, எட்டிலொன்று என்று எழுதிவைத்து, ஒரு வாளி கூடுதலாக அள்ளினால் கோட்டுக்குப் போகிற சனம் நாங்கள். அந்த நல்ல தண்ணீரைத் தாங்கிக்கொண்டு கீழே கிடந்த உப்புத் தண்ணீரை ஒருவரும் நினைத்தே பார்க்கவில்லை.

மூன்று நாள் உம்மை விடாமல் நச்சரித்தேன். ரோட்டுப் போடுவார்கள், ஊருக்கு வேலை வரும் என்றெல்லாம் சொன்னேன். உண்மை என்னவென்றால், மாடும் மேயாத எங்கள் தரவையை வெளிநாட்டுக்காரர் தேடி வந்ததில் எனக்குப் பெருமையும் பெரிய புழுகமும். ஊரில் நிமிர்ந்து நடந்தேன். நாலாம் நாள், தரவையில் பாதிக்கு மட்டும் என்று நீர் பேனையை எடுத்தீர். “உம்மடை கரைச்சலுக்காக வைக்கிறன்,” என்றீர். நான் சிரித்தேன்.

அடுத்த கோடையில் கிணறு ஒரு முழம் இறங்கியது. அதற்கடுத்த கோடையில் இன்னும் இரண்டு. கீழே உப்புத் தண்ணீரை எடுக்க எடுக்க, அந்த வெற்றிடத்துக்கு நல்ல தண்ணீர் இறங்கிப் போகிறது என்று பிறகுதான் விளங்கியது. கேட்கப் போனபோது கொம்பனி எஞ்சினியர், “உங்கடை நல்ல தண்ணியிலை நாங்கள் கையே வைக்கேல்லை அம்மா,” என்றார். கிணற்றை ஆழமாக்கியவர்களுக்குச் சவர்தான் வந்தது. லித்தியம் போதிய அளவு இருக்கிறதா இல்லையா என்று அவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.

நான் சொன்னனான் தானே என்று நீர் ஒருநாளாவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்து ஆறியிருப்பேன். தரவை உம்முடைய பேரில் இருந்ததால் ஊர் உம்மைத்தான் பேசியது. பவுசர் லொறியில் வருகிற தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது என் காதுபடவே, “அவ கையெழுத்து வைச்சதாலை தானே எங்களுக்கு இந்தக் கதி,” என்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நெஞ்சுவலி வந்து நீர் போன பிறகும் திறக்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்த உம்முடைய மகளிடம் இன்னும் ஒருபடி மேலே போனேன். கொம்மா சந்தோஷமாய்த்தான் கையெழுத்து வைச்சவ என்று சொன்னேன்.

இன்று விடிய நான் கிணற்றுக்கட்டில் இருந்தபடியே இருக்க, கனடாவிலிருந்து அவள் போன் எடுத்தாள். கொம்பனி தரவையின் மற்றப் பாதியையும் கேட்கிறதாம். அவளுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோணி எழுதி என்னிடம்தானே தந்திருக்கிறாள்.

“வைச்சு விடுங்கோ, மாமி. அம்மா சந்தோஷமா வைச்சவ எண்டு நீங்கள் தானே சொன்னனீங்கள்? அவவுக்கு விருப்பமான காரியத்துக்கு நான் குறுக்கை நிக்கேல்லை.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மச்சாள்.

“இல்லைப் பிள்ளை. கொம்மா மாட்டன் எண்டு மூண்டு நாள் நிண்டவ. நான்தான் கரைச்சல் குடுத்து வைப்பிச்சனான். உனக்கும் பொய் சொன்னனான்.”

 “ஊர் அம்மாவைப் பேசேக்கை நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள் தானே, மாமி?” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான் கையெழுத்து வைக்கப் போவதில்லை. அவள் கோபத்தில் அற்றோணியை வேறொருவருக்கு மாற்றினாலும் மாற்றுவாள். மாற்றாவிட்டாலும் முதல் பாதியில் இறக்கிய குழாய் இழுத்துக்கொண்டேயிருக்கிறது. இனி நான் தலைகீழாக நின்றாலும் என் காலத்தில் தண்ணீர் திரும்பாது. மிச்சமிருப்பது உம்முடைய பேர் ஒன்றுதான். அதைக் கெடுத்தது நான். பின்னேரம் பவுசர் வரும், வரிசையில் உம்முடைய பேரை இழுப்பார்கள். நான்தான் வைக்கச் சொன்னேன் என்று இன்றைக்கு எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். அதற்குப்பிறகும் அதே வரிசையில் நின்றுதான் நான் தண்ணீர் வாங்கவேண்டும், மச்சாள். பயமாயிருக்கிறது.