அக்கா பாராட்டத் தொடங்கியபோது

மார்ச் 4, செவ்வாய்

ஒரு லென்ஸைக் கெடுத்தேன். சாணைக்கல்லில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்து, ஃபிரேமுக்குள் லொடலொடவென்று ஆடியது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "இது மூக்குக்கண்ணாடியா, மூக்குத்தியா?" என்று கேட்டாள். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவள்தான் முதலாளி, விற்பனையாளர், காவல். உள்ளறையில் லென்ஸ் தேய்ப்பது நான். ஆறு வருடமாகத் தேய்க்கிறேன். நல்லா இருக்கு என்று ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

கழுத்துக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்களே, அதன் முடிவு வியாழக்கிழமை வரும். வெறும் சளிக் கட்டி என்கிறாள் அம்மா. அம்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டாள். அதற்குமேல் பரிசோதனை எதற்கு என்பது அவள் கட்சி.

மார்ச் 6, வியாழன்

சளிக் கட்டி இல்லை.

மார்ச் 7, வெள்ளி

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை. நிணநீர்ப் புற்றுநோய். டாக்டர் அம்மா நிதானமாகப் பேசினார். இளவயதில் வருவது, மருந்துக்குப் படியும், புற்றுநோய்களில் இது நல்ல ரகம். துணிக்கடையில் விரித்துக் காட்டுகிற பாவனை. எனக்கு இருபத்தாறு வயது. மட்டமான ரகங்களையும் காட்டச் சொல்லவில்லை.

அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நேரத்துக்குச் சாப்பிட மாட்டான் டாக்டர், அதனாலயா?" இல்லை என்றார். அம்மா நம்பவில்லை. அக்கா எதுவுமே கேட்கவில்லை. அவள் எதுவும் கேட்காமல் ஓர் இடத்தைவிட்டு எழுந்து வந்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன் — எதற்கு? மேலே என்ன வைத்திருக்கிறது?

மார்ச் 20, வியாழன்

முதல் மருந்து. கழுத்தில் மட்டுமில்லை, நெஞ்சுக்குள்ளும் கட்டி இருக்கிறதென்று போன வார ஸ்கேன் சொல்லிவிட்டது. நீளமான அறை, வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பாட்டில். பக்கத்து நாற்காலிப் பெரியவர், "யாருக்குத் துணையா வந்திருக்கீங்க தம்பி?" என்றார். எனக்குத்தான் என்றேன். வரிசையில் தன்னை முந்திக்கொண்டு வந்துவிட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஏப்ரல் 2, புதன்

தலைமுடி போயிற்று. முடி கொட்டுவதற்கு எங்கள் கடையைப் போல மோசமான இடம் கிடையாது. ஃபிரேம் போட்டுப் பார்ப்பதற்காகச் சுவரெங்கும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மொட்டைத்தலை என்னைவிடக் கவலையாக என்னைப் பார்க்கிறது. அக்காவின் வீட்டுக்காரர் தொப்பிகள் வாங்கிவந்தார். அதில் ஒன்று பச்சை. மாமாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை, கண்ணில்தான்.

எதிர்க்கடைக்காரர் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவரும் மூக்குக்கண்ணாடி வியாபாரம்தான். அவருடைய போர்டு எங்கள் வாசலை மறைத்த விவகாரத்தில் தொடங்கி, அக்காவுக்கும் அவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. நோய்க்கு இப்படியொரு சமாதான சக்தி உண்டென்று தெரிந்திருந்தால் நாடுகள் தூதர்களுக்குப் பதில் நோயாளிகளை அனுப்பியிருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

வீட்டில் சொற்களுக்குத் தட்டுப்பாடு. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு, வலியில உயிர் போ— என்று தொடங்கி, சட்டென்று நிறுத்தி, லேசா வலிக்குது என்று முடித்தாள். மாமா பஸ் நெரிசலில் செத்து— வரைக்கும் போய்த் திரும்பினார். சாவை எடுத்துவிட்டால் எங்கள் மொழியில் அலுத்துக்கொள்ளக்கூட வார்த்தை மிஞ்சாது போலிருக்கிறது.

ஏப்ரல் 16, புதன்

விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. சட்டைப் பொத்தான் அகப்படவே மாட்டேன் என்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். தேய்க்காவிட்டால் நான் யார்? வெறும் நோயாளி. அதற்கு நாற்காலியும் தயாராக இருக்கிறது, பாட்டிலோடு.

லென்ஸின் ஓரத்தை நாங்கள் கண்ணை நம்பித் தேய்ப்பதில்லை. தண்ணீர் வழியும், பொடி ஒட்டும், கண் ஏமாறும். கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினால் எங்கே மேடு, எங்கே பிசிறு என்று தெரிந்துவிடும். இன்று ஓட்டினேன். சுற்றிலும் ஒரே மாதிரி வழவழப்பு. பிரமாதமாகத் தேய்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

அக்கா வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்குடா" என்றாள்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றும் பாராட்டு. ஆறு வருடத்தில் இல்லாத வழக்கம்.

மே 8, வியாழன்

ஸ்கேன் முடிவு. டாக்டர் கூப்பிட்டபோது நான் கழிவறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா மட்டும் உள்ளே போய்விட்டு வந்தாள். "எல்லாம் நல்லா இருக்காம்." அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது?

மே 12, திங்கள்

அக்கா வங்கிக்குப் போயிருந்த சமயம், எதிர்க்கடைக்காரர் ஒரு பை ஆரஞ்சோடு கடைக்குள் வந்தார். ரொம்ப அலட்டிக்கொள்ளாதே என்றார். அப்புறம், "வேலைய நான் பாத்துக்கறேன் தம்பி. இத்தன நாளா பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

எதை என்றேன். மனிதர் ஆரஞ்சைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்; அவரையா இத்தனை வருடம் விரோதியாக வைத்திருந்தோம்!

நான் தேய்த்த லென்ஸ்கள் ஒரு மாதமாக அவர் கடையில் குப்பைக்குப் போயிருக்கின்றன. அக்கா தினமும் சாயங்காலம் சாலையைத் தாண்டிப் போய், அவரிடம் புதிதாகத் தேய்த்து வாங்கியிருக்கிறாள். அவள், அவரிடம்! அதற்குக் காரணம், நான் தேய்த்த ஒன்று பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டிரைவரின் ஃபிரேமிலிருந்து கழன்று மடியில் விழுந்ததாம். பஸ் நிறைய ஆள்.

லென்ஸ் போனா போகுது. அது இல்ல. "நல்லா இருக்குடா." அதே வார்த்தை, அதே குரல். லென்ஸும் நல்லா இருக்கு, ஸ்கேனும் நல்லா இருக்கு. அப்போ என் நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு? யாரக் கேக்கறது? அம்மாவையா — மாமாவையா — எல்லாருக்கும் அவ சொன்னதுதானே தெரியும்.

மே 13, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் அக்கா நிற்கிறாள். எதிர்க்கடைக்காரர் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்திருக்கிறார்; நான் இங்கேதான் வருவேன் என்று அவள் ஊகித்துவிட்டாள். சமாதானம் முழுமையடைந்துவிட்டது. சேர்ந்தே உள்ளே போனோம்.

கழுத்தில் இருந்தது போய்விட்டது. நெஞ்சுக்குள் இருப்பது பாதிதான் கரைந்திருக்கிறது. மருந்தை மாற்ற வேண்டும், புதியது இன்னும் கடுமை. வழி இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. டாக்டர் இதை மேசையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த மருந்துக்கு முன்னால் தானே சொல்லிவிடுவதாக அக்கா தவணை கேட்டாளாம்.

விரல் மரத்ததை நானும் சொன்னேன். ஒரு மாதமாக என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது மருந்தின் வேலைதான்; உடனே சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாமாம்.

வெளியே நடைவழியில் சண்டை பிடித்துக்கொண்டோம்.

"பாதிதான் கரைஞ்சிருக்குன்னு ஏன் சொல்லல?"

"விரல் மரத்துப்போச்சுன்னு நீ சொன்னியா?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"நல்லா தேய்க்கத் தெரிஞ்சவன் திடீர்னு ஒண்ணொண்ணா கெடுக்கிறான். நான் என்னன்னுடா நினைக்கிறது? மூளைக்குப் போயிடுச்சுன்னு நினைச்சேன். ஒரு மாசமா அதையே நினைச்சுக்கிட்டு கல்லாவுல உக்காந்திருக்கேன்."

நல்லா தேய்க்கத் தெரிஞ்சவன். ஆறு வருடத்தில் அவள் மனசாரச் சொன்னது அதுதான். அப்போது இரண்டு பேருமே கவனிக்கவில்லை. வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஊழியர் வழிவிடச் சொன்னார். ஆளுக்கொரு சுவரோரம் ஒதுங்கினோம். வண்டி போன பிறகு சண்டையை எங்கே விட்டோம் என்று மறந்துவிட்டது.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி, "பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு. உனக்கு?"

"உன்னவிட."

இதிலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மே 14, புதன்

அம்மாவிடம் அக்காவே சொன்னாள், முழுசாக. அம்மா அழவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் கேட்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கி, இது தெரியுதா, இது தெரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெரியவில்லை என்று சொன்னேன்.

மே 21, புதன்

நாளைக்குப் புது மருந்து. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கடைக்குப் போனேன். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு உள்ளறைக்கு வந்து, சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தேய்த்து நீட்டினேன். அவள் கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினாள்.

"மேல் மூலையில மேடு. இன்னும் தேய்."

தேய்த்தேன்.

"இப்ப கீழ பிசிறு. என்னடா வேல இது?"

வெளியே யாரோ கடையில் ஆள் இல்லையா என்று கேட்டார்கள். இருக்கோம், வரோம் என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை. மறுபடி தேய்த்து நீட்டினேன். விரலை ஒரு சுற்று ஓட்டினாள். நிறுத்தி, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாராட்டவில்லை. லென்ஸை ஃபிரேமுக்குள் அழுத்தி, ஸ்க்ரூவை முறுக்கினாள். அடுத்ததை எடுத்து என் முன்னால் வைத்தாள்.